நாற்காலிக்குக் கண்ணீர் அஞ்சலி

பிரிகேடியர் ராஜவர்மனின் தொப்பையை வரைந்துதான் எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது. அந்தத் தொப்பைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று தெருவில் சிலர் நினைக்கிறார்கள். நான் சொல்வதாக இல்லை.

வடக்கே சண்டை மூன்றாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. எந்த மலையை யார் பிடித்தார்கள், யார் போட்டுவிட்டு ஓடினார்கள் என்பதெல்லாம் சிவகாசியில் யாருக்கும் தெரியாது. ராஜவர்மனின் தொப்பை மட்டும் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டு சுவரில், பால் பூத்தில், பள்ளிக்கூட காம்பவுண்டில் அது தொங்கிக்கொண்டிருக்கும். பதுங்குகுழிக்குள் தலையை விட்டுவிட்டுப் பின்புறம் மாட்டிக்கொண்டு நிற்கும் ராஜவர்மன். பைனாகுலரில் எதிரியைத் தேடாமல் பிரியாணி அண்டாவைத் தேடும் ராஜவர்மன். ஒரு சிப்பாய் குடை பிடிக்க, ஒருவன் மீசைக்கு மெழுகு தடவ, ஒருவன் முதுகு சொறிந்துவிட, கட்டிலில் படுத்தபடி “முன்னேறுங்கள்!” என்று கத்தும் ராஜவர்மன். எல்லாம் நான் வரைந்தவை. மூலையில் பொடியாக ஓர் எறும்பு போடுவேன். அதுதான் என் கையெழுத்து.

“ஏண்டி, ராணுவத்துக்காரன இப்படிக் கிழிக்கிறியே, உள்ள தூக்கிப் போட மாட்டாங்களா?” என்று கல்லூரித் தோழிகள் கேட்பார்கள். எனக்கு நெஞ்சு நிமிரும். எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவளின் மகள் ஒரு பிரிகேடியரை ஊர் நடுவில் நிறுத்தித் துணியை உருவுகிறாள் என்றால் சும்மாவா? “பெட்டி பாஸ் பண்ணிருச்சுல்ல, எவன் கேப்பான்?” என்பேன்.

பெட்டி என்றால் மனநிலை அளவி. அது அரசாங்கம் வைத்த பெயர். அச்சகங்களில் அதற்கு இளிப்புப் பெட்டி என்று பெயர். சண்டை தொடங்கியதும் வந்த சட்டம் இது. சுவரில் ஒட்டுகிற எந்தத் தாளானாலும், அச்சுக்குப் போகும் முன் சாம்பிள் ஆட்களுக்குக் காட்ட வேண்டும். அவர்களை வேற்று மாவட்டத்திலிருந்து வேனில் கூட்டிவருவார்கள். உள்ளூர் முகம், உள்ளூர்ப் பகை எதுவும் தெரிந்திருக்கக் கூடாது என்பது கணக்கு. கழுத்தில் பொட்டு மாதிரி ஒரு வில்லையை ஒட்டிப் படத்தைக் காட்டினால், பெட்டியில் கோடு ஓடும். பச்சை விளக்கு எரிந்தால் அச்சடிக்கலாம். சிவப்பு எரிந்தால் அச்சுப் பிளேட்டை உடைத்துவிட வேண்டும்.

“சண்டைக் காலத்துல சனம் சோர்ந்து போயிரக் கூடாதும்மா. அதான் சிரிப்பு வந்தா பச்சை” என்று எங்கள் அச்சக முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி எனக்கு விளக்கம் சொன்னார். நானும் நம்பினேன். எம்.ஏ. படித்த மூளை.

அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து ஒரு வகைப் போஸ்டர் மட்டும் பாஸாகவே இல்லை. சண்டையில் செத்த பையன்களுக்கான கண்ணீர் அஞ்சலி.

எங்கள் ஊரில் சாவு என்றால் போஸ்டர். பாடை கட்டும் முன்னே ஆள் அச்சகத்துக்கு ஓடி வந்துவிடுவான். தலைப்பில் கண்ணீர் அஞ்சலி, நடுவில் செத்தவர் படம், இரண்டு பக்கமும் தோற்றம், மறைவு என்று தேதிகள், கீழே வரிசையாகப் பிரிவால் வாடும் ஆட்களின் தலைகள். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டினால்தான் செத்தவர் செத்தவர். சித்திரை வெயில் அடித்தால் சிவப்பும் மஞ்சளும் ஓடிப்போய் எல்லா முகமும் நீலமாகிவிடும். செத்தவர், நடிகர், எம்.எல்.ஏ., மூலம் பவுத்திரம் டாக்டர் எல்லோரும் எங்கள் ஊர்ச் சுவரில் கடைசியில் நீலம்தான்.

கிழவர்களுக்கு, விபத்தில் போனவர்களுக்கு எல்லாம் பச்சை எரிந்தது. சிப்பாய்களுக்கு மட்டும் சிவப்பு. எத்தனையோ அம்மாக்கள் போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, அண்ணாச்சியின் மேசை முன் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து தொப்பைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எங்கள் வீட்டுக்கே அது வந்தது.

என் அண்ணன் பெத்துராஜ். பத்தாவதோடு நின்று பட்டாளத்துக்குப் போய், அந்தச் சம்பளத்தில் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவன். ராஜவர்மனின் படைப்பிரிவில்தான் இருந்தான். போன வருஷம் ஐப்பசி வாக்கில் அவனுடைய போன் நின்றுபோனது. ராணுவத் தலைமையிலிருந்து ஒரு செய்தி வந்தது: நிலை, தொடர்பில் இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒரு பொண்ணு தேன் ஒழுகும் குரலில் அதையே சொன்னாள். அவன் கடைசியாகப் பேசிய நாளோடு அம்மா தினக்காலண்டரில் தாள் கிழிப்பதை நிறுத்திவிட்டாள். அடுப்படிச் சுவரில் அது அப்படியே அக்டோபரில் நின்றுகொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் இசக்கி வந்தான். அண்ணனோடு இருந்தவன், அம்பாசமுத்திரம் பக்கம். ஒரு கால் முட்டிக்குக் கீழே இல்லை. அம்மா கொடுத்த செம்புத் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

“எம்மா, நான் சொல்ல வந்தத சொல்லிட்டுப் போயிருதேன். நீங்க நடுவுல அழுதா என்னால சொல்ல முடியாது.”

“அழல. சொல்லுய்யா.”

“ஆத்துக்கு இந்தப் பக்கம் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. லாரி ஒண்ணுதான் இருந்துது. அடிபட்டவன் பூரா தரையில கெடக்கோம். பிரிகேடியர் சாமானத்தான் மொதல்ல ஏத்துனாவ. கட்டில், சோபா, குளிக்க தொட்டி, நாய்க்குன்னு தனியா ஒரு மெத்தை. மிச்ச எடத்துல எங்களத் தூக்கிப் போட்டாவ. நாற்காலிக்கு எடம் பத்தல.”

“என்ன நாற்காலி?” என்றேன்.

“உக்காந்தா கரண்டுல உடம்பு பிடிச்சுவிடும்லா, அது. தெனம் சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டு அதுலதான் உக்காருவாரு. ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு டீசல் இருக்காது, அதுக்கு இருக்கும். அத விட்டுட்டு வர மனசில்ல. ‘ரெண்டாவது டிரிப்புல எடுத்துக்கலாம், மூணு பேரு காவலுக்கு நில்லுங்கலே’ன்னுட்டாரு. பெத்துராசு, பரமக்குடி அந்தோணி, தேனிக்காரன் மொக்கையன். மூணு பேரும் நாற்காலியச் சுத்தி நின்னானுவ. லாரி திரும்பும்போது பெத்துராசு எனக்குக் கையக் காட்டுனான்.”

“ரெண்டாவது டிரிப்பு?” என்றாள் அம்மா.

“போகலம்மா. நாங்க இந்தப் பக்கம் வந்ததும் பாலத்த நம்மாளுவளே வெடி வச்சுத் தகர்த்துட்டாவ. அந்தக் கரை பூரா எரிஞ்சுச்சு. நான் கண்ணால பாத்தேன்.”

அம்மா சொன்னபடியே அழவில்லை. “என்னைக்கிய்யா அது?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியலம்மா. எனக்கு அப்பவே நினைவு தப்பிருச்சு. ஆஸ்பத்திரியில முழிக்கும்போது தீபாவளி முடிஞ்சிருந்துது. ஆபீசர்ட்ட தேதி கேட்டேன். ரகசியமாம்.”

அவன் போன பிறகு அம்மா அந்தச் செம்புத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

“செத்த நாள் தெரியலன்னா திதி எப்பிடிக் குடுக்கிறது? எம்புள்ள பசியோட அலையணுமா? ஏ சோலை, ஊரு சனம் பூரா உன் படத்தப் பாத்துச் சிரிக்குது. உன் அண்ணனுக்கு ஒரு போஸ்டர் போட மாட்டியா? அவன் செத்துட்டான்னு செவுத்துல ஒரு தாளு ஒட்ட வக்கில்லையா நமக்கு?”

மறுநாள் காலையில் அச்சகத்தில் உட்கார்ந்து அதை வரைந்தேன். யாருமில்லாத ஆற்றங்கரை. நடுவில் அந்த நாற்காலி. சுற்றிலும் துப்பாக்கியோடு மூன்று பையன்கள். தூரத்தில் போகும் லாரியின் பின்பக்கம் குளியல் தொட்டியும் அதில் நின்று திரும்பிப் பார்க்கும் நாயும். தொப்பை இல்லை, மீசை இல்லை. இசக்கி சொன்னது மட்டும்.

சாம்பிள் ஆட்கள் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் கழுத்து வில்லையைப் பிய்த்துத் தரையில் எறிந்தார். இன்னொருவர் லாரியைக் காட்டி “த்தூ, இவனெல்லாம் சோத்தத்தான் திங்கிறானா?” என்றார். பெட்டியில் கோடு எகிறி, சிவப்பு எரிந்தது.

பெட்டியை இயக்குகிறவள் ஜெபக்கனி. என் வயசுதான். உளவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இந்த வேலைக்கு வந்தவள். எல்லோரும் போன பிறகு என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாருக்கு. அதான் செகப்பு” என்றாள்.

“சிரிப்பு வரலன்னா செகப்பா? அப்ப மூலம் பவுத்திரம் போஸ்டருக்கு எவன் சிரிக்கிறான்? அதுக்குப் பச்சை எரியுதுல்ல?”

அவள் படத்தை மேசையில் வைத்தாள். “ஏ சோலை, நீ நெசமாவே தெரியாமத்தான் கேக்குறியா? இது சிரிப்பே அளக்கல. கொதி அளக்குது. சாம்பிள் ஆளுகளுக்கு மொதல்ல என்ன காட்டுறோம்? சண்டைச் செய்தி. ரேசன் வெட்டு, பின்வாங்கல், சாவு. மனுசனுக்கு உள்ள கொதி ஏறும். அப்புறம் உன் படம். படத்துக்கு முன்னால இருந்த கொதி, பின்னால இறங்குனா பச்சை, ஏறுனா செகப்பு. அவ்வளவுதான். ஏறாமலும் இறங்காமலும் இருந்தா, உன் மூலம் பவுத்திரம், அதுக்கும் பச்சை.”

“என் படம் இறக்குதா?”

“பொங்கி வர்ற பால்ல தண்ணி தெளிச்ச மாதிரி இறக்குது. ‘ஆமா, அந்தத் தொப்பையன் அப்படித்தான்’னு சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவான். ஒருத்தன் சிரிச்சுட்டா அப்புறம் கல்லெடுக்கக் கை வராது. மாவட்டத்துலயே உன் எறும்புதான் நல்லா இறக்குதுன்னு தலைமையில இருந்து பாராட்டுக் கடுதாசி வந்துச்சு. அண்ணாச்சி உங்கிட்ட காட்டல. காட்டுனா நீ சம்பளம் கூட்டிக் கேப்பியாம்.”

“உனக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும். உனக்கும் தெரியும்னு நெனச்சேன். எவனாவது தன்னைத் திட்டுறவளுக்குச் சம்பளம் குடுப்பானா?”

நான் கழிவறைக்குப் போய்க் கையைக் கழுவினேன். மஞ்சள் மை நகக்கண்ணிலிருந்து போகவே இல்லை.

அந்த வாரமே ராஜவர்மன் வந்தார். நேரில். அண்ணாச்சி வாசலுக்கு ஓடி, கார்க் கதவைத் திறந்துவிடத் தெரியாமல் அதோடு மல்லுக்கட்டினார். தொப்பை என் படத்தில் இருக்கிற அளவுக்கு இல்லை. அதுவே எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சாதாரண மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் சந்தன வாசனை.

“நீதான் அந்த எறும்பா? எவனோ தாடி வச்ச ஆளுன்னு நினைச்சேன்! என்னம்மா படிச்சிருக்கே?”

“எம்.ஏ. வரலாறு.”

“வெரி குட். பதுங்குகுழியில நான் மாட்டிக்கிட்டு நிக்கிறேனே, அதை என் ஒய்ஃப் ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. நான் எல்லாத்தையும் ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கற ஆளு. ஆனா அந்தத் தொப்பை இருக்கே…”

“குறைச்சிரலாம் சார், உடனே குறைச்சிரலாம்” என்று அண்ணாச்சி பதறினார்.

“நோ, நோ! பெருசாக்குங்க. ஜனங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. போற இடமெல்லாம் ‘தொப்பை சார்’னு ஓடிவந்து செல்ஃபி எடுக்கறாங்க. எங்க பேட்ச்ல ஒருத்தன், ஒல்லியா மிடுக்கா இருப்பான். அவனை ஒரு பிரஸ்ஸும் கிண்டல் பண்ணல. இன்னிக்கு அவன் விசாரணையில நிக்கறான், நான் எலெக்ஷன்ல நிக்கப் போறேன்.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “ஒரு நாற்காலி விஷயம் அங்கங்க ஓடுது. கோவமாப் பேசறாங்க. அதுதான் பிரச்சினை. நீ அதையே எடுத்து ஜோக்காப் போட்டுட்டேன்னு வை, முடிஞ்சுது. மாநிலம் பூரா, ஊருக்கு ஊர் ஒட்டிடலாம். செலவு என்னோடது. என்னம்மா பெட்டிப் பொண்ணு, இறங்கிடும்ல?”

“இறங்கும் சார்” என்றாள் ஜெபக்கனி. தலையை நிமிர்த்தவில்லை.

என் மேசையில் பிளேட் வெட்டும் கத்தி இருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு அம்மா நினைவு வந்தது. திதி.

“கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே போடுவோம் சார். நாற்காலிக்குக் கண்ணீர் அஞ்சலி. நீங்க பக்கத்துல நின்னு கதறி அழுவுறீங்க.”

அவர் தொடையில் தட்டிக்கொண்டார். “பிரில்லியன்ட்!”

“எங்க ஊர் வழக்கப்படி மறைவு தேதி போடணும். இல்லன்னா சிரிப்பு எடுபடாது. நாற்காலி என்னைக்குப் போச்சு சார்?”

“அக்டோபர் பதினேழு.” ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “அன்னிக்குச் சாயங்காலம் கூட அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுத்தான் கிளம்பினேன். லெதர் சீட்டு. மறக்க முடியுமா?”

எழுதிக்கொண்டேன்.

“கீழே ‘பிரிவால் வாடும்’னு ஆள் தலைகள் வரும். அப்ப காவலுக்கு யாராச்சும் நின்னாங்களா சார்?”

“நின்னாங்க. பசங்க.”

“பேரு?”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கினார். “மூணு பசங்க. நல்ல பசங்கதான். பேரு… நீயே ஏதாவது போட்டுக்கோம்மா. கிராமத்துப் பேரா, சிரிப்பு வர்ற மாதிரி.”

“பெத்துராஜ், அந்தோணி, மொக்கையன்னு போடட்டுமா?”

“மொக்கையன்!” அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரித்துச் சிரித்து. “சூப்பர்! கண்டிப்பாப் போடு, மொக்கையன்!”

இசக்கியைப் போனில் கூப்பிட்டு மூன்று பேரும் சேர்ந்து எடுத்த படத்தை அனுப்பச் சொன்னேன். பிறகு வேலையைத் தொடங்கினேன். போஸ்டர் என்பது நாலு பிளேட். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. நாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரு படம். ராஜவர்மனை முழுக்க முழுக்கச் சிவப்பிலும் மஞ்சளிலும் கட்டினேன். தொப்பை, மீசை, அழுது ஊற்றும் கண்ணீர், அவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் நாற்காலி, அதற்குப் போட்ட மாலை எல்லாம். ‘மசாஜ் நாற்காலி அவர்கள்’, ‘பிரிவால் வாடும்’ என்ற எழுத்துகளும் சிவப்பு. தலைப்பில் கண்ணீர் அஞ்சலி, பக்கத்தில் மறைவு தேதி, கீழே மூன்று பெயர்களும் ஊர்களும், இவை மட்டும் கறுப்பு.

நீலத்தில் மூன்று முகங்கள். தாள் அகலத்துக்குப் பெரிய முகங்கள். அவற்றின் நிழல் ராஜவர்மனின் பின்னால் எழும் புகையாகத் தெரிந்தது, மூக்கு லாரித் தார்ப்பாயின் மடிப்பாக, தலைமுடி மரமாக. நாலு கலரும் சேர்ந்த தாளில் தேடினாலும் கிடைக்காது.

“அண்ணாச்சி, செகப்பும் மஞ்சளும் கம்மி வெலை மையே போதும். வால்போஸ்டருக்கு எதுக்கு நல்லது?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “இப்பத்தாம்மா உனக்குத் தொழில் பிடிபடுது.”

பிளேட் வந்ததும் நீலத்தை ஜெபக்கனி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெறும் பிளேட்டில் மூன்று பையன்களும் முழுசாகத் தெரிந்தார்கள். அவள் பார்த்தாள். பிளேட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, “பெட்டிக்கு நாலு கலரும் சேர்ந்த தாளத்தான் காட்டணும். தனித்தனியாக் காட்டச் சொல்லி சட்டத்துல இல்ல” என்றாள்.

சாம்பிள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஏ, மொக்கையனப் பாருலே!” என்று ஒருவன் பெஞ்சிலிருந்து சரிந்தே விட்டான். கொதிக் கோடு இதுவரை இறங்காத அளவுக்கு இறங்கியது. ஜெபக்கனி பச்சைச் சீட்டைக் கிழித்து என்னிடம் கொடுத்தாள். என் அண்ணனின் சாவுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

மாசியில் ஒட்டினார்கள். பரமக்குடியில், தேனியில், எங்கள் பஸ் ஸ்டாண்டில், எங்கும். பால் வாங்கப் போன அம்மா வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தாள்.

“அந்த எறும்பு உன்னோடதுதான?”

“ஆமா.”

“பால்காரன் படிச்சுச் சொல்லிட்டுச் சிரிக்கிறான். எம்புள்ள பேரச் சொல்லிச் சிரிக்கிறான். ஒரு தாளு ஒட்டுன்னு கேட்டேன். நாற்காலிக்கு ஒட்டிட்டு, அதுக்கு அழுவுறவனா எம்புள்ளைய உக்கார வச்சிருக்கியேடி. உன்னப் படிக்க வச்சது இதுக்கா? அவன் அங்க நின்னது இதுக்கா?”

“அம்மா, கொஞ்ச நாளு பொறு.”

“என்னத்துக்குப் பொறுக்கணும்? த்தூ.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா தினமும் போய் அந்தச் சுவர் முன் நிற்பாள். நின்றால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் அண்ணாச்சிக்குத் தெரியும், ஒரே மணி நேரத்தில் எல்லாம் கிழிபடும். வாயை மூடிக்கொண்டேன். அம்மா அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. தட்டை வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெருப் பயல்கள் ஒருவனை ஒருவன் மொக்கையன் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ராஜவர்மன் போகிற இடமெல்லாம் மேடையில் நாற்காலி போட்டால், “இது மசாஜ் பண்ணுமா?” என்று கேட்பாராம். கூட்டம் கைதட்டுமாம். செய்தியில் காட்டினார்கள்.

நான் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன். ஒரு மேகம் வந்தாலும் எரிச்சல் வரும்.

எங்கள் ஊர் வெயில் யாரையும் ஏமாற்றாது. பங்குனி நடுவில் ராஜவர்மனின் கன்னச் சிவப்பு வெளுத்தது. பிறகு தொப்பை சாயம் போன பாவாடை மாதிரி ஆனது. மாலை போனது, மீசை போனது. ஒரு நாள் நாற்காலியின் கால்கள் மட்டும் மங்கலாக நின்றன. சித்திரை பிறந்ததும் அதுவும் இல்லை. அவர் அழுதுகொண்டிருந்த இடத்தில் வெறும் வெளிறிய தாள். புகை என்று எல்லோரும் நினைத்த நீலம் மெல்ல மெல்ல முகமாகியது. தார்ப்பாய் மடிப்பு மூக்காகியது. மேலே கறுப்பில் கண்ணீர் அஞ்சலி. பக்கத்தில் மறைவு, அக்டோபர் பதினேழு. கீழே பெத்துராஜ், சிவகாசி. அந்தோணி, பரமக்குடி. மொக்கையன், தேனி.

முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. சிரித்து முடித்த போஸ்டரை யார் மறுபடி பார்ப்பார்கள்? பால்காரன்தான் பார்த்திருக்கிறான். சைக்கிளை நிறுத்தியவன் பெல்லில் கையை வைத்தபடியே நின்றுவிட்டானாம். அப்புறம் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள். அப்புறம் டிரைவர், பஸ்ஸை எடுக்காமல். ஒருவரும் சிரிக்கவில்லை. “இவன் நம்ம தீப்பெட்டி ஆபீஸ் சீனியம்மா மகன்ல?” என்று யாரோ சொன்னார்கள். ஊருக்கு ஊர் இதேதான் நடந்தது. எல்லாம் ராஜவர்மன் தன் செலவில் ஒட்டிய தாள்கள்.

அன்று பத்து மணி வாக்கில் நான் வீட்டில் இருக்கும்போது ஜெபக்கனி போன் செய்தாள். “ஏ சோலை, ஜீப் வந்திருக்கு. பரமக்குடியில சனம் ரோட்டுல உக்காந்துருச்சாம். தேனியில ராஜவர்மன் கட் அவுட்ட எரிச்சுட்டாங்களாம். இங்க அண்ணாச்சி உன்னத் தெரியவே தெரியாதுங்கிறாரு. பெட்டி பாஸ் பண்ண போஸ்டர்தானன்னு நான் பச்சைச் சீட்டு நகலக் காட்டுனேன், பிடுங்கிட்டாங்க. இனி எல்லாத் தாளையும் வெயில்ல காயப்போட்டுட்டுத்தான் பெட்டிக்குக் காட்டணுமாம். உன் வீட்டுக்குத்தான் வாராங்க.”

வீட்டில் அம்மா இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கூட்டம் அவளுக்கு வழி விட்டுச் சுற்றி நின்றது. அம்மா தாளில் கையை வைத்து அண்ணனின் நீல நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

“வெயிலுக்குத்தான் காத்திருந்தியாடி?”

“ஆமாம்மா.”

“எங்கிட்டக்கூட சொல்லல.”

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, எண் தெரியும். விரலை நகர்த்தி மறைவு தேதிக்குக் கீழே வைத்தாள்.

“பதினேழுன்னு போட்டிருக்க. யாரு சொன்னா? ரகசியம்னுல்ல சொன்னாக?”

“அவருதாம்மா சொன்னாரு. ராஜவர்மன்.”

“எம்புள்ள செத்த நாள அவரு ஞாபகம் வச்சிருந்தாரா?” அம்மாவின் குரலில் ஒரு நொடி என்னவோ வந்தது. நன்றி மாதிரி ஒன்று. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“இல்லம்மா. நாற்காலி போன நாள ஞாபகம் வச்சிருந்தாரு.”

அம்மா அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பின்னால் கூட்டமும் வந்தது.

அடுப்படிச் சுவரில் நின்றுபோயிருந்த காலண்டரில் அம்மா கையை வைத்தாள். ஒரு தாள் கிழித்தாள். இன்னொன்று. இன்னொன்று. பதினேழு வந்ததும் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“கீழ பொடி எழுத்துல போட்டிருக்கும். என்ன திதின்னு பாரு.”

வாசலில் ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரோ என் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அம்மா வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவுகள அங்கயே நிக்கச் சொல்லுங்க” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “எம்புள்ள திதியக் குறிச்சிட்டு வாரோம்.”